வம்சாவளியும் வர்க்கமும்: நெளுக்குளத்திலிருந்து வரலாற்றுச் சான்றுகளைத் தேடுவோருக்குச் சில குறிப்புகள்

1

வவுனியா நகருக்கு மேற்கேயுள்ள நெளுக்குளத்திலிருந்து ஒருவர் தமது பூட்டனாரின் பெயரைத் தேடி நூலகமொன்றிற்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருப்பவை மிகச் சிலவே. தந்தையாரின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதியொன்றின் மங்கிய பிரதி அல்லது ஓர் அனுமதிப்பத்திரம், வீட்டு முதியோர் சொல்லிவைத்த இரண்டு மூன்று பெயர்கள் ஆகியவற்றுக்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. அவர் நூலகரிடம் கேட்கும் வினாவும் எளிமையானதே: எங்கள் பரம்பரை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை கிடைப்பதும் கிடையாது போவதும் அவரது விடாமுயற்சியை மட்டும் பொறுத்ததன்று. அவருடைய முன்னோர் நிலம் உடையவராயிருந்தனரா, பிறர் நிலத்தில் உழைத்தவராயிருந்தனரா என்பதையே அது பெரிதும் பொறுத்துள்ளது.

குடும்ப வரலாற்றை ஆராயும் ஆர்வம் கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் பெருகியுள்ளது. அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' 1976இல் வெளிவந்தபின், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியார் தமது மூதாதையரைத் தேடத் தலைப்பட்டமை பலரும் அறிந்ததே. சுவீடன் எழுத்தாளர் ஸ்வென் லின்ட்குவிஸ்ற் 1978இல் எழுதிய நூலொன்று, தொழிலாளர் தாம் நிற்கும் இடத்தையே தோண்டித் தமது வேலைத்தலத்தின் வரலாற்றைத் தாமே எழுத வேண்டும் என வற்புறுத்தியது. இவ்விரண்டு போக்குகளும் நமது சூழலுக்கும் பொருத்தமுடையன. ஆயின் நமது சமூகத்தில் வம்சாவளி என்பது நெடுங்காலமாக உயர்ந்தோரின் உடைமையாகவே இருந்துவந்துள்ளது. ஆகவே, எந்தச் சான்று எவரால், எதற்காக உண்டாக்கப்பட்டது என்ற வினாவை முதலிற் கேளாது தேடலைத் தொடங்குவோர் ஏமாற்றமடைவர், அன்றேல் ஏமாற்றப்படுவர். வன்னியின் கிராமமொன்றை நிலைக்களனாகக் கொண்டு, கிடைக்கக்கூடிய சான்றுகள் எவை, அவற்றை எவ்வாறு படிப்பது, அவை மௌனம் சாதிக்குமிடத்துச் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஈழத்துத் தமிழரிடையே வம்சாவளி கூறும் நூல்கள் இல்லாமலில்லை. 'கைலாயமாலை', 'வையாபாடல்', ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை' ஆகியன குடியேற்றக் கதைகளையும் குடிகளின் தோற்றத்தையும் விரித்துரைப்பன. இவற்றுள் வையாபாடல் வன்னிக் குடியேற்றத்தைச் சிறப்பாகப் பேசுவது. எனினும் இந்நூல்களிற் பெயர் பெறுவோர் யாவர் என நோக்கினால், தலைவர்களும் அவர்தம் உறவினருமே முன்னிற்பதைக் காணலாம். தொழில் செய்த குடிகள் அத்தலைவர்களுடன் வந்த கூட்டமாகத் தொகையாகவே சுட்டப்படுகின்றனர். அரசியல் உரிமையையும் சமூகப் படிநிலையையும் நியாயப்படுத்துவது இத்தகைய நூல்களின் பணிகளுள் ஒன்றாக இருந்தது. எனவே இவற்றை நிகழ்ச்சிகளின் பதிவாகக் கொள்வதிலும் பார்க்க, அவை எழுந்த காலத்துச் சமூக உறவுகளின் பதிவாகக் கொள்வதே பொருத்தமாகும். தமது குடும்பத்தின் முதல்வரை இந்நூல்களிலே தேடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

கொலனித்துவ ஆட்சியாளர் வருகையோடு வேறொரு வகை ஏடு தோன்றுகிறது. அதன் பெயர் தோம்பு. போர்த்துக்கேயர் தொடங்கிய இம்முறையை ஒல்லாந்தர் விரிவுபடுத்தினர். காணித் தோம்பில் நிலமும் அதன் வரியும் பதியப்பட்டன. தலைத் தோம்பில் குடும்பத் தலைவனும் அவனைச் சார்ந்தோரும் பதியப்பட்டனர். ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் பாடசாலைகளில் வைக்கப்பட்ட பள்ளித் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் இடம்பெற்றன. இன்று குடும்ப வரலாறு தேடுவோருக்கு இவை பெருஞ் செல்வமாகத் தோன்றலாம். ஆனால் அவற்றை எழுதியோரின் நோக்கம் வேறு. வரி எவ்வளவு, ஊழியத்துக்கு வரவேண்டிய ஆடவர் எத்தனை பேர் என்பதை அறியவே அவை எழுதப்பட்டன.

இப்பதிவுமுறையிலிருந்து இலங்கையில் மிகுந்த பயனடைந்தோர் பறங்கியரில் மேனிலையில் இருந்தோராவர். 1908இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் வெளியிட்ட சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகள் அச்சேறின. ஒல்லாந்துக் கம்பனியின் ஊழியர் ஒருவர் எந்த ஊரிலிருந்து, எந்தப் பதவியில் வந்தார் என்பதிலிருந்து தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை அவற்றிற் பல தொடர்ச்சியாகச் செல்வன. அதே காலத்தில் வட பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர்கள் எங்கே பதியப்பட்டன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியர் அடிமைகளைப் பதிவுசெய்யும் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தனர். உடைமையாளரின் பெயருக்குக் கீழ் அவனுக்குரிய அடிமைகளின் பெயர்கள் எழுதப்பட்டன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. ஒருவனுடைய பெயர் ஏட்டில் ஏறுவதற்கு அவன் உடைமையாளனாக இருக்க வேண்டும், அன்றேல் உடைமையாக இருக்க வேண்டும் என்பதே அக்காலப் பதிவேடுகளின் தருக்கம் எனலாம்.

3

வன்னியின் நிலை இதனினும் வேறுபட்டது. ஒல்லாந்தர் ஆட்சியின் பெரும்பகுதியில் வன்னியர் எனப்பட்ட தலைவர்கள் திறையாக யானைகளைச் செலுத்தி ஓரளவு சுயாதீனத்துடன் ஆண்டுவந்தனர். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல வீடுவீடாகவும் வளவுவளவாகவும் வன்னியை எழுதிவைக்கும் தேவையோ வலுவோ கம்பனிக்கு நீண்டகாலம் இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வன்னியை நேரடியாக நிருவகித்த தோமஸ் நாகல் 1793இல் எழுதிய அறிக்கை அந்நிலப்பரப்பைப் பற்றிய முக்கியமான ஆவணமாகும். அதன்பின் 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியமையும், அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவிற் கப்டன் வொன் டிறிபேர்க்கால் முறியடிக்கப்பட்டமையும் நாம் அறிந்த வரலாறு. இவ்வரலாற்றில் தலைவன் பெயர் இருக்கிறது; அவனைத் தோற்கடித்தவன் பெயரும் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவனோடு நின்ற குடியானவர் எவர் பெயரும் அதில் இல்லை.

வன்னிக் கிராமமொன்றின் வரலாற்றைத் தேடுவோர் நூலகத்திற் கேட்க வேண்டிய முதல் நூல், பிரித்தானிய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1895இல் வெளியான 'வன்னி மாவட்டங்களின் கைந்நூல்' ஆகும். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளின் வரலாறு, குடித்தொகை, வழக்காறுகள், பயிர்ச்செய்கை, குளங்கள் முதலியன பற்றி அந்நூல் தரும் செய்திகள் வேறெங்கும் ஒருங்கே கிடைப்பதில்லை. அதன்பின் சி. எஸ். நவரத்தினம் 1960இல் ஆங்கிலத்தில் எழுதிய வன்னி வரலாற்று நூலும், பேராசிரியர் சி. பத்மநாதன் வன்னியர் பற்றி எழுதியவையும் நோக்கற்பாலன.

லூயிஸின் நூலை எவ்வாறு படிப்பது என்பது முக்கியமானது. அவர் கூர்ந்து நோக்கும் ஆற்றலுடையவர், தமிழறிவும் பெற்றவர். எனினும் அவரது பார்வை கச்சேரி மேசையிலிருந்து எழுவது. குளம் உடைந்து ஊர் கைவிடப்பட்டதையும், காய்ச்சலும் பறங்கி நோயும் குடித்தொகையைக் குறைத்ததையும் அக்கால நிருவாகிகள் எழுதினர். ஆனால் குளத்தைத் திருத்தும் கூட்டுழைப்பு ஏன் சிதைந்தது, நிலவுடைமை பற்றிய புதிய சட்டங்கள் அதில் வகித்த பங்கு யாது என்பன போன்ற வினாக்களை அவர்கள் அரிதாகவே எழுப்பினர். எனவே லூயிஸிடமிருந்து ஊர்ப்பெயரையும் குளத்தின் பெயரையும் நிருவாகப் பிரிவையும் எடுத்துக்கொண்டு, காரணங்களுக்கு வேறிடம் நாடுவதே முறையாகும்.

நெளுக்குளம், வேப்பங்குளம், பூவரசங்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம் என வவுனியாவின் ஊர்ப்பெயர்கள் குளத்திலேயே முடிவன. இப்பெயர்களே ஒரு சான்று. இங்கு ஊரின் வாழ்வு குளத்தின் வாழ்வோடு பிணைந்திருந்தது. குளம் தூர்ந்தால் குடும்பங்கள் அடுத்த குளத்தை நாடின. ஆகையால் வன்னிக் குடும்பமொன்றின் வழியை ஓர் ஊருக்குள் மட்டும் தேடினால் இரண்டு தலைமுறைக்கு மேற் போவது கடினம். அயலிலுள்ள குளங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, உறவினர் எந்த எந்தக் குளத்தடியில் வாழ்ந்தனர் எனக் கேட்டுக் குறிப்பதே நல்ல தொடக்கமாகும்.

4

பிரித்தானியர் காலத்து ஆவணங்களுள் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படுவது காணி உறுதியாகும். 1840ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 7ஆம் இலக்கச் சட்டம் நிலக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்றது. 12ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. எழுத்தின்றிக் கூட்டு வழக்கத்தால் நிலத்தையும் காட்டையும் பயன்படுத்திய சேனைப் பயிர்ச்செய்கையாளன் தனது உரிமையைத் தானே நிறுவவேண்டியவனானான். கடதாசி உள்ளவனுக்கு நிலமும், நிலம் உள்ளவனுக்குக் கடதாசியும் என்ற வட்டம் இவ்வாறு தொடங்கிற்று. பின்னர் காணிப் பதிவகங்கள் உருவாகி, ஒவ்வொரு காணிக்கும் உரிய பக்கத்தில் அடுத்தடுத்த உறுதிகள் பதியப்பட்டன.

உறுதியொன்றைப் படிக்கும்போது மூன்று பகுதிகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, விற்பவருக்கு அக்காணி எவ்வாறு வந்தது என்பது. முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்ற சொல்லே தந்தை வழியா, தாய் வழியா, வாங்கியதா என்பதைக் காட்டிவிடும். இரண்டாவது, முன்னைய உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லலாம். மூன்றாவது, நான்கு எல்லைகள். கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே இன்னாரின் காணி என அயலவர் பெயர்கள் அங்கு வரும். தன் பெயரில் உறுதி கிடைக்காத சிறு உடைமையாளன் பலமுறை மற்றொருவன் காணியின் எல்லையாக மட்டும் தோன்றுவதுண்டு. ஆய்வாளர் பலர் கவனியாது விடும் இப்பகுதியிலேதான் எளிய குடும்பங்களின் பெயர்கள் கிடைக்கின்றன.

அடுத்தது பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள். 1871இல் நாடளாவிய முதற் குடிசன மதிப்பீடு நடந்தது. அதன் அறிக்கைகள் தொகைகளையே தருவன; பெயர்களைத் தருவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவு நாடளாவிய கட்டாய ஒழுங்காக நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும். அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கத்தோலிக்கக் குடும்பங்களாயின் கோயிற் பதிவேடுகள் உதவும். சைவக் குடும்பங்களுக்கு ஆலயங்களின் உபயகாரர் பட்டியல்களும் வீட்டுச் சாதகக் குறிப்புகளுமே துணை. நம்மிடையே குடும்பப்பெயர் இன்மையால் தந்தையின் பெயரைக் கொண்டே ஒருவரை அடையாளங் காணவேண்டியுள்ளது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் இருப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மீண்டும் வரும். பெயரோடு ஊரையும் தொழிலையும் ஆண்டையும் சேர்த்துக் குறியாதவர் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிடுவர்.

பள்ளிக்கூடச் சேர்விடாப்பு, விதானையார் காலத்துக் குறிப்புகள், வாக்காளர் இடாப்பு ஆகியனவும் பயனுடையன. 1931இற் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டபோதே நிலமற்ற கூலியாளும் அவன் மனைவியும் வாக்காளர் என்ற தகுதியில் பெயரோடு ஏட்டில் ஏறும் நிலை தோன்றியது. சனநாயக உரிமைக்காக நடந்த போராட்டம் குடும்ப வரலாற்றுக்கும் ஒரு சான்றை உண்டாக்கித் தந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

5

இதுவரை கூறியவை சில தலைமுறைகளாக வன்னியிலேயே வாழ்ந்த குடும்பமொன்றுக்குப் பொருந்துவன. ஆயின் வவுனியா மாவட்டத்துக் கிராமங்களில் வாழ்வோர் அனைவரும் அத்தகையோர் அல்லர். 1977ஆம் ஆண்டு இன வன்செயலை அடுத்து மலையகத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியாப் பகுதிக்கு வந்து குடியேறின. காந்தீயம் என்ற அமைப்பு இவர்களுட் பலருக்குக் கைகொடுத்தது. 1983 ஏப்பிரிலில் அதன் முன்னோடிகளான எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலைகளில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இக்குடும்பங்களிலிருந்து ஒருவர் நூலகத்துக்கு வந்து பூட்டனாரின் பெயரைக் கேட்டால் அவருக்கு நாம் எதைக் காட்டுவது?

அவருடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் கடன்வலையில் அகப்பட்டு வந்தோர். அவர்களைப் பற்றிய ஏடுகளுக்குக் குறைவில்லை. மண்டபம் முகாமிலிருந்து அனுப்பப்பட்டோரின் தொகை உண்டு. தோட்டத்தின் பெயர் பொறித்துக் கழுத்திலே கட்டிய தகரத் துண்டு உண்டு. ஒரு தோட்டத்தின் கடனை மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டுச்சீட்டு உண்டு. அன்றாடப் பெயர் குறித்த செக்ரோல் உண்டு. உழைப்பை அளக்க எழுதிய ஏடுகள் இவை. ஓர் ஆளின் பெற்றோர் எவர், எந்த ஊரில் எப்போது பிறந்தார் என்பது தோட்டத்துரைக்கு வேண்டாத செய்தி. ஆகவே இந்நாட்டில் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்ட வர்க்கத்தினரே, வம்சாவளி என்று வரும்போது சான்றில்லாதவராயினர்.

இதன் விளைவு வெறும் மனக்குறையோடு நிற்கவில்லை. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. வம்சாவளி என்ற சொல் இங்கு சட்டச் சொல்லாகிவிட்டது. 1948இல் நாற்பது வயதான தொழிலாளி ஒருவரை எண்ணிப்பார்ப்போம். அவர் தந்தை 1880ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். கட்டாயப் பதிவு நிலைபெறும் முன்னர், தோட்ட லயத்திற் பிறந்த பிள்ளைக்குச் சாட்சிப்பத்திரம் எங்கிருந்து வரும்? நிலவுடைமையாளனிடம் அத்தகைய கேள்வி எழுவதில்லை. எழுந்தாலும் உறுதி பேசும். தொழிலாளியின் மௌனமோ அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது அதன் ஏற்பாடு. 1974இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே படிப்படியாக முடிவுக்கு வந்தது.

இலங்கையில் நீண்டகாலம் வழங்கிவந்த பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கு ஒரு கூடு உண்டு. தந்தை இலங்கையிற் பிறவாது பூட்டன் இங்கு பிறந்திருப்பின் அவரைக் குறிக்க மற்றொரு கூடு உண்டு. குடும்ப வரலாறு தேடுவோருக்கு இக்கூடுகள் மிகவும் உதவுவன. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். ஆனால் அவை எவ்வாறு அங்கு வந்தன என்பதை அறிந்தவர், அவை வெறுமையாக விடப்பட்டிருக்கும் சாட்சிப்பத்திரங்களையும் வரலாற்றுச் சான்றாகவே படிப்பர்.

6

இன்னொரு மௌனம் பெண்களைப் பற்றியது. 1884இல் ஏங்கெல்ஸ், மோர்கனின் மானிடவியல் ஆய்வுகளை அடியாகக் கொண்டு, தந்தை வழி உரிமை தனிச்சொத்தோடு வளர்ந்த வரலாற்றை விளக்கினார். அவர் தந்த மானிடவியல் விவரங்களுட் சில இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும் வழிமுறையைக் கணக்கிடும் விதம் சொத்தின் விதத்தைத் தழுவுகிறது என்ற அடிப்படைக் கருத்து நமது ஏடுகளிற் கண்கூடாகத் தெரிகிறது. 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசத்தையும் சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் பிரித்து வகுத்தது. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் சென்ற காணியின் உறுதிகளில், கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவளாகவேனும், பெண்ணின் பெயர் இருக்கிறது. இதனால் யாழ்ப்பாண உறுதிகளைக் கொண்டு தாய் வழியை ஓரளவு பின்தொடரலாம்.

வன்னியிலோ 20ஆம் நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்கள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடைபெற்றன. அரசு காணியை அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்கியது. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து, மகனுக்கு மகளிலும் மேலாக முதலிடம் தரும் வரிசை அச்சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இவ்வாண்பால் முன்னுரிமையை நீக்கியது. ஏறத்தாழ 87 ஆண்டுகள் ஒரே வகைக் கடதாசி ஒரே பக்கத்து வழியை எழுதிவந்தது. காடு வெட்டி, கல் பொறுக்கி, நாற்று நட்ட பெண்ணின் பெயர் அந்தக் கோவைகளிற் பெரும்பாலும் மனைவி என்ற உறவுச்சொல்லாகச் சுருங்கியது.

ஏடுகள் கைவிட்ட இவ்விடத்தில் வாய்மொழி இலக்கியம் நமக்குத் துணைவருகிறது. வன்னியில் வழங்கும் 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பணிக்கர் எனப்பட்டோர் யானை பிடிப்பதிற் கைதேர்ந்தோர். அவ்வொப்பாரியின் நடுநாயகம் அரியாத்தை என்ற பெண். மதயானையைப் பிடித்துக் கட்டிய அவளது துணிவையும் அவளது சாவையும் மக்கள் பாடி வைத்தனர். திறையாக வந்த யானைகளின் தொகையைக் கம்பனி எழுதிவைத்தது. யானையைக் கட்டிய கைகளை நினைவிற் கொண்டது ஒப்பாரி. பொருளாதார வரலாற்றின் இரு பக்கங்களாக இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே முழுமை பிறக்கிறது.

இறந்தவரை விளித்து அவர் பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் உறவுமுறைகளையும் வரிசையாகச் சொல்வது ஒப்பாரியின் இயல்பு. அதனைப் பாடுவோர் பெண்கள். எனவே தாய் வழி உறவுகள் அதில் அழியாது தங்குகின்றன. முதிய பெண்களிடம் உங்கள் பாட்டி பெயர் என்ன என்று நேரே கேட்டால் சில வேளை விடை வராது. அவருடைய செத்தவீட்டில் யார் என்ன சொல்லி அழுதார்கள் என்று கேட்டால் பல பெயர்கள் வரும். அவ்வாறே அந்தியேட்டியன்று வெளியிடப்படும் கல்வெட்டும் நினைவு மலரும் வம்சாவளியைத் தருவன. ஆனால் அச்சிடும் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்களே அவற்றை வெளியிட்டன என்பதையும், குறைபாடுகளையும் கலப்புகளையும் அவை மறைக்கக்கூடும் என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

சாதி பற்றியும் ஒன்று கூறவேண்டும். பழைய ஏடுகளில் மக்களின் பெயர்களோடு இழிவுகருதிய அடைகள் சேர்ந்து வருகின்றன. தம் முன்னோரை அவ்வாறு காண நேர்ந்தவர் சிலர் தேடலை நிறுத்திவிடுவர். வேறு சிலர் உயர்ந்த குலமொன்றைக் கற்பித்து எழுதிவிடுவர். இரண்டும் ஏட்டை எழுதியவனின் பார்வைக்கு நாமே இணங்குவதாகும். அந்த அடைமொழி நமது முன்னோரின் இயல்பைக் காட்டுவதன்று. அன்று நிலவிய சுரண்டலின் வடிவத்தைக் காட்டுவது. அவ்வாறு படிப்பவருக்கு அதனை அழிக்க வேண்டிய தேவையும் இல்லை. அதற்கு நாணவேண்டிய தேவையும் இல்லை.

7

நூலகம் இவ்விடயத்தில் என்ன செய்யலாம்? 1981 மே 31 இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒரு பிரதி மட்டும் ஓரிடத்தில் இருப்பது எத்தகைய ஆபத்து என்பதை அது கற்பித்தது. பின்னர் 2009இல் போரின் இறுதிக் கட்டத்திலிருந்து தப்பி வந்தோர் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டபோது, உறுதியும் சாட்சிப்பத்திரமும் சாதகக் கொப்பியும் இழந்தவராகவே பலர் வந்து சேர்ந்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. இழந்த காணிக்கு உரிமை கோரவும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும், காணாமற்போன மகன் இருந்தான் என்பதை நிறுவவும் அவர்களுக்குக் கடதாசி வேண்டியிருந்தது. குடும்ப வரலாறு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என எண்ணுவோர் இதனை நினைத்துப்பார்த்தல் வேண்டும்.

வவுனியாக் கிராமங்களின் வீடுகளிற் பொலித்தீன் பையிற் சுற்றி வைத்திருக்கும் கடதாசிகளை எண்ணிப்பார்ப்போம். காணி அனுமதிப்பத்திரம், பங்கீட்டு அட்டை, நிவாரண அட்டை, 1990களில் வவுனியாவில் வழங்கிய பாஸ், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பிரசாவுரிமைக் கடிதம், உத்தேச வயதுச் சான்றிதழ் ஆகியன அவற்றுட் சில. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளவை அரசு மக்களைப் பற்றி எழுதியவை. இப்பைகளில் இருப்பவையோ அரசிடமிருந்து மக்கள் போராடிப் பெற்றவை. இவையே நாளைய தோம்பு. கிராமத்து நூலகம் ஒவ்வொன்றும் உள்ளூர்ச் சேகரிப்பு என்றொரு அலுமாரியை ஒதுக்கி, இவற்றைப் படமெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றோடும் யார் தந்தது, எந்த ஆண்டு, எந்தக் குளத்தடி என்ற குறிப்பு எழுதப்படல் வேண்டும். உயிரோடிருப்போரின் விவரங்களை அவர் இசைவின்றி எவருக்கும் காட்டலாகாது. பிரதியொன்று வேறோர் ஊரிலும் வைக்கப்படல் வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் பிரதேச ஆவணங்களைச் சேகரித்துவரும் முறை இதற்கு நல்ல முன்மாதிரியாகும். நெளுக்குளத்துக்கு அண்மையிலுள்ள பம்பைமடுவில், 2021இற் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அதன் மாணவர் தத்தம் ஊர்களில் இப்பணியை மேற்கொள்வாராயின், லூயிஸின் நூலுக்கு அடுத்த வன்னிக் கைந்நூலை வன்னி மக்களே எழுதலாம்.

முதலிற் கூறிய மனிதருக்குத் திரும்புவோம். அவர் தேடிய பூட்டனாரின் பெயர் உறுதியொன்றின் தலைப்பிற் கிடைக்கலாம், மற்றொருவன் காணியின் வடக்கெல்லையாகக் கிடைக்கலாம், ஓர் ஒப்பாரியில் மட்டும் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். எங்கே கிடைத்தது என்பதும் ஏன் கிடைக்கவில்லை என்பதும் அப்பெயரைப் போலவே அவரது குடும்ப வரலாற்றின் பகுதிகளாகும். அவர் அதனை எழுதி, தம் கையிலுள்ள கடதாசிகளின் பிரதியோடு நூலக அலுமாரியில் வைத்துவிட்டுச் செல்வாராயின், அவரது பூட்டப்பிள்ளை அதே வினாவோடு வரும்போது வெறுங்கையோடு திரும்பவேண்டி இராது.